எச்சரிக்கை: என் கடைக் கணக்கை எனக்கே பூட்டிவைத்த சாப்ட்வேர்

வாடகைப் பாத்திரம், பந்தல், சவுண்ட் சர்வீஸ், ஜெனரேட்டர் என்று பொருளை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் தொழில் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். திண்டுக்கல், நத்தம், வத்தலக்குண்டு வட்டாரத்தில் ஒருவர் கடை கடையாக ஏறி, "உங்க தொழிலுக்குன்னே தனியா சாப்ட்வேர் எழுதித் தர்றேண்ணே" என்று விற்றுக்கொண்டிருக்கிறார். பெயரை எழுதப்போவதில்லை. வக்கீல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். செய்கிற வேலையைச் சொல்கிறேன், ஆளை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

பாத்திரக் கடைக்கு எதற்குத் தனி சாப்ட்வேர் என்று கேட்கலாம். சாதாரண பில்லிங் சாப்ட்வேருக்கு விற்ற பொருள் விற்றதுதான், கதை முடிந்தது. எங்களுக்கு அப்படி இல்லை. அண்டா வெளியே போகும், கல்யாணம் முடிந்து திரும்பும், நடுவில் அதே தேதிக்கு இன்னொரு வீட்டார் முன்பணம் கொடுக்க வந்து நிற்பார்கள். போன வாளி 40, வந்தது 37. ஜல்லிக்கரண்டி இரண்டு குறையும். டேக்சா மூடி ஒன்று வேறு யார் கடையின் பெயர் வெட்டியதோ வந்திருக்கும். எந்தத் தேதியில் எது கையில் இருக்கும், யார் வீட்டில் எது நிற்கிறது, யாருக்கு டெபாசிட் திருப்ப வேண்டும் என்பது எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எக்செலில் ஒரு காலம் ஓட்டினோம். கடையில் ஒரு கம்ப்யூட்டர், குடோனில் ஒரு லேப்டாப் என்று ஆனதும் இரண்டு பேர் ஒரே ஷீட்டைத் திறந்து ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பது வாடிக்கையாகிவிட்டது. இந்த மாதிரி இடத்துக்கு, பல பேர் ஒரே நேரத்தில் எழுதினாலும் குழம்பாத தகவல் கிடங்கான டேட்டாபேஸ்தான் சரி. அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

2021-ல் அவர் கொடுத்த பில் மொத்தம் 48,000 ரூபாய். புரோகிராம் எழுதியதற்கு 30,000, இன்ஸ்டாலேஷன் 6,000, "டேட்டாபேஸ் சர்வர் லைசென்ஸ்" என்று 12,000. அந்தக் கடைசி வரி என்ன என்று அன்றே கேட்டேன். "எஸ்க்யூஎல் சர்வர்ணே. பேங்க்ல எல்லாம் இதுதான் ஓடுது. ஆக்சஸ் கீக்சஸ்னு சின்னப் பசங்க எழுதித் தருவாங்க, அதெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்றார். வாயில் சர்க்கரைதான்.

அவர் தந்தது அந்த ஆக்சஸேதான். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், ஆபீஸ் தொகுப்பைச் சேர்ந்த சின்ன டேட்டாபேஸ் சாப்ட்வேர். அக்கா மகன் பிசிஏ படிக்கிறான், லீவுக்கு வந்தவன் கண்டுபிடித்தான். புரோகிராம் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, இப்ப சாப்ட்வேரைத் திறங்க" என்றான். திறந்ததும் அந்த ஃபோல்டரில் டேட்டா ஃபைலின் அதே பெயரில் குட்டியாக இன்னொரு ஃபைல் முளைத்தது. மூடினால் காணாமல் போனது. ஆக்சஸ் ஃபைலை யாராவது திறந்து வைத்திருந்தால் பக்கத்தில் இப்படி ஒரு லாக் ஃபைல் உண்டாகும், எல்லோரும் மூடியதும் போய்விடும். உங்கள் கடையில் ஓடுவது என்ன என்று தெரிய வேண்டுமா, இதைச் செய்து பாருங்கள். விற்றவரைக் கேட்கவே வேண்டாம்.

ஆக்சஸ் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை. 1992-லிருந்து இருக்கிறது, இரண்டு மூன்று கம்ப்யூட்டர் உள்ள கடைக்குத் தாராளமாகப் போதும். என் ஆத்திரம் அந்த 12,000 மீதுதான். ஆக்சஸில் எழுதிய புரோகிராமை ஓட்டுவதற்கு மட்டும் 'ரன்டைம்' என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே கொடுக்கிறது. என் கம்ப்யூட்டரில் இருந்தது அதுதான். அவர் சொன்ன எஸ்க்யூஎல் சர்வரிலும்கூட 'எக்ஸ்பிரஸ்' என்ற இலவசப் பதிப்பு இருக்கிறது. 2022 பதிப்புவரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி தாண்டக்கூடாது என்பதுதான் கட்டுப்பாடு, எங்கள் தொழிலில் அதை நிரப்பப் பேரன் காலம் ஆகும். ஆக, எந்த வழியில் பார்த்தாலும் இலவசத்துக்குத்தான் லைசென்ஸ் பணம் வாங்கியிருக்கிறார்.

முதல் வருடத்திலேயே இழுபறி ஆரம்பித்தது. குடோன் லேப்டாப்பை வைஃபையில் இணைத்துவிட்டுப் போயிருந்தார். தகரக் கூரை, சுற்றிலும் அடுக்கிய அலுமினியப் பாத்திரம், சிக்னல் வரும் போகும். ஆக்சஸ் ஃபைலில் எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் ஃபைல் கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கேபிளில்தான் இணைப்பார்கள். எங்களுக்கு அடிக்கடி "இந்த டேட்டாபேஸின் வடிவம் அடையாளம் தெரியவில்லை" என்ற கணக்கில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்து நிற்கும். அவருக்குப் போன் போட வேண்டும், வருவார், 1,500 ரூபாய். "ஒரு டீ சொல்லுங்கண்ணே" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டு, ஃபைலைத் தன் லேப்டாப்பில் ஏற்றி, கெட்ட ஃபைலைச் சரிசெய்யும் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' என்ற ஆக்சஸ் மெனுவை ஒரு முறை அழுத்துவார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். என் வாடிக்கையாளர்களின் முகவரியும் போன் நம்பரும் எத்தனை முறை அவர் பையில் ஏறிப் போயிற்றோ.

அப்புறம் போட்டோ விவகாரம். பாத்திரம் திரும்பும்போது நசுங்கல், ஓட்டை இருந்தால் படம் எடுத்துக் கணக்கோடு சேர்க்கும் வசதி வேண்டும் என்று கேட்டிருந்தேன். படங்களை, கணக்கு வரிகள் இருக்கும் டேட்டா ஃபைலின் டேபிளுக்குள்ளேயே திணித்து வைத்திருந்தார். அப்படி வைத்தால் சின்னப் படமும் உள்ளே போய் உப்பிவிடும். ஆக்சஸ் ஃபைலுக்கு உச்ச அளவு 2 ஜிபி, அதற்கு மேல் ஒரு வரியும் ஏறாது. நெருங்க நெருங்க ஒரு பில் திறக்க ஒரு யுகம். "டேட்டா ஜாஸ்தி ஆயிருச்சு, புது சர்வர் வாங்கணும், 60,000 ஆகும்" என்றார். படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு, அது எங்கே இருக்கிறது என்ற பாதையை மட்டும் டேபிளில் எழுதினால் போதும். படத்தைக் கழித்துப் பார்த்தால் அத்தனை வருடக் கணக்கும் சேர்ந்து 30 எம்பி தேறவில்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது இல்லையா, அதை ஒட்டிக் கடைக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கினேன். அதில் 64-பிட் ஆபீஸ் இருந்தது. சாப்ட்வேர் திறக்கவே மறுத்தது. "புது வெர்ஷன் எழுதணும்ணே, 15,000" என்றார். ஆபீஸ் 32-பிட், 64-பிட் என்று இரண்டு வகையில் வரும். 32-பிட்டில் பூட்டிக் கொடுத்த ஆக்சஸ் புரோகிராம் 64-பிட்டில் திறக்காது, அவ்வளவுதான் விஷயம். ஆபீஸை எடுத்துவிட்டு 32-பிட் ரன்டைமை இறக்கிப் போட்டான் அக்கா மகன், ஓடியது. செலவு ஒன்றுமில்லை. இது தெரிந்ததும் இனி ஏஎம்சி வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டேன். ஏஎம்சி என்றால் வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், வருடம் 8,000. விற்கும்போது "இஷ்டம் இருந்தா போடுங்க, இல்லாட்டி விடுங்க" என்றுதான் சொல்லியிருந்தார்.

மார்கழி முழுக்கக் கடை காற்று வாங்கும். தை பிறந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள், வண்டி வாசலில் நிற்கிறது, எந்த வீட்டுக்கு எந்த செட் என்று பட்டியல் எடுக்கத் திறந்தால் சிவப்புக் கட்டத்தில் "லைசென்ஸ் முடிந்தது. தொடர்பு கொள்ளவும்" என்று அவருடைய நம்பர்.

"தம்பி, நாளைக்கு முகூர்த்தம்பா."

"தெரியும்ணே. ஏஎம்சியும் புது வெர்ஷனும் சேர்த்து 23,000 போட்டு விட்டீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல திறந்துடும்."

"அதுல இருக்கிறது என் கணக்குடா."

"கணக்கு உங்களுதுதான். சாப்ட்வேர் என்னுதுண்ணே."

பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவனுக்கு இப்படி ஒரு பூட்டு! அன்றைக்கு வண்டி போனது ஒரு தந்திரத்தால்தான். கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளச் சொல்லிப் போனிலேயே அக்கா மகன் சொன்னான், திறந்துகொண்டது. புரோகிராமுக்குள் ஒரு தேதியை எழுதி வைத்து, அதைத் தாண்டினால் நின்றுவிடும்படி செய்திருக்கிறார். ஏஎம்சிக்கு வருடாவருடம் வந்து அவர் செய்த சர்வீஸ், அந்தத் தேதியை ஒரு வருடம் தள்ளிவைத்ததுதான். தேதியைத் திருப்பி ஓட்டியதில் அந்த வார பில் எல்லாம் பழைய தேதியில் அச்சாகி, கையால் அடித்து எழுதிக் கொடுத்தோம். பெண் வீட்டார் ஒருவர் என்ன ஏமாற்று வேலை என்று என்னிடமே கேட்டார்.

டேட்டா ஃபைலை நேரடியாகத் திறக்க முடியவில்லை, பாஸ்வேர்ட் போட்டிருந்தார். புரோகிராம் ஃபைலை ஏசிசிடிஇ என்ற வகையில் கொடுத்திருந்தார். அந்த வகையில் ஃபார்ம், ரிப்போர்ட், கோடு (புரோகிராம் வரிகள்) எதையும் யாரும் திறந்து திருத்த முடியாது. இதில் ஒரு நியாயம் பேச வேண்டும். புரோகிராமைப் பூட்டிக் கொடுப்பது அவர் உரிமை. சம்பள ஆளாக இல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தருபவருக்கே பதிப்புரிமை சேரும், எழுத்தில் நமக்கு மாற்றித் தந்தால் ஒழிய. வக்கீலும் அதைத்தான் சொன்னார். ஆனால் டேட்டாவைப் பூட்ட அவர் யார்? ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டியவன் நான். அதிகாரி வந்து கேட்டால் சாப்ட்வேர்காரர் திறந்துவிடவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று பார்த்தோம். தொழிலுக்கு வாங்கியது என்பதால் 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு கிளப்பும், சுயதொழில் பிழைப்புக்காக வாங்கியது என்று நாம் நிரூபிக்க வேண்டியிருக்கும், இழுக்கும் என்றார் வக்கீல். அதைவிட நேரான வழி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு. கம்ப்யூட்டரைப் பயன்படுத்த உரிமை உள்ளவரை உள்ளே விடாமல் தடுப்பதும் அதில் வருகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவில் சிறைவரை போகும். இரண்டு பிரிவையும் குறிப்பிட்டு நோட்டீஸ் போனது. பதில் நோட்டீஸ் வரவில்லை, போனில் டேட்டா பாஸ்வேர்ட் வந்தது. பணம் ஒரு பைசா வரவில்லை.

திறந்து பார்த்தால் இன்னொரு தலைவலி. வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில். திரையில் தமிழாகத் தெரியும்; எக்செலுக்கு எடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும், ஏனென்றால் அதில் மெய்யெழுத்தின் புள்ளியே அரைப்புள்ளிதான். 2021-ல், எங்கே எடுத்துப்போனாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் எழுதாமல் பாமினியில் எழுத எந்தக் காரணமும் கிடையாது. ஆக்சஸ் யூனிகோடைத் தாங்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. பழைய புரோகிராமை ஒப்பேற்றி எனக்கு விற்றிருக்கிறார் என்பது என் கணிப்பு. பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் என்எச்எம் கன்வர்ட்டர் இலவசம், அதில் போட்டு மாற்றினோம். ஆங்கிலத்திலேயே அடித்திருந்த ஊர்ப் பெயர்களும் சேர்ந்து மாறிக் கண்ணராவியாகி, ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்தினாள் என் மனைவி.

இப்போது ஆக்சஸ் லைசென்ஸ் ஒன்றை நானே வாங்கி, அக்கா மகன் எழுதித் தந்ததில் ஓடுகிறது. டேட்டா ஃபைல் கடைக் கம்ப்யூட்டரில், ஃபார்ம் உள்ள ஃபைல் இரண்டு இடத்திலும் தனித்தனியாக, குடோனுக்குக் கேபிள். ஆக்சஸ் போன்ற இன்னொரு சாப்ட்வேரான லிப்ரேஆபீஸ் பேஸையும் பார்த்தோம், காசில்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டுமென்றால் பின்னால் தனியாக ஒரு டேட்டாபேஸ் சர்வர் வைக்க வேண்டியிருந்தது, அந்தப் பராமரிப்புக்கு எங்களிடம் ஆள் இல்லை. ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர் என்றால் அதை யோசிக்கலாம்.

இதே ஆளிடம் மளிகை மொத்தக்கடை நண்பர் ஒருவரும் வாங்கியிருக்கிறார். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது சோப்பு, ஷாம்பு, நெய் விகிதத்தை மாற்ற அவரிடம் 5,000 வாங்கினாராம். விகிதம் ஒரு டேபிளில் இருந்திருந்தால் கடைப் பையனே மாற்றியிருப்பான். கோடுக்குள் எழுதி வைத்திருக்கிறார். நண்பர் சம்மதித்து, எனக்கு வந்த பாஸ்வேர்டை அவர் டேட்டா ஃபைலில் போட்டுப் பார்த்தோம். திறந்துகொண்டது. எத்தனை கடைக்கு அதே பாஸ்வேர்டோ தெரியாது.

அவரிடம் வாங்கியிருப்பவர்கள் இன்றைக்கே சாப்ட்வேரை எல்லாக் கம்ப்யூட்டரிலும் மூடிவிட்டு டேட்டா ஃபைலை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பாஸ்வேர்டை எழுத்தில் கேளுங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் ஆள் யாரும் இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே டேட்டா ஃபைல் திறக்கிறதா, பெயர்கள் எக்செலில் தமிழாக வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஏஎம்சியை முறித்துக்கொள்ள நினைப்பவர்கள் அதை ஆடியில் செய்யுங்கள். முகூர்த்த மாதத்தில் வாயைத் திறக்க வேண்டாம், காலண்டர் அவரிடமும் இருக்கிறது.