இப்போதே கட்டும் கடனா, பிறகு கட்டும் கடனா?

கலிஃபோர்னியாவில் பள்ளிக் கட்டடம் எழுப்ப, பள்ளி மாவட்டங்கள், அதாவது ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள், கடன் பத்திரம் வெளியிடும். வாக்காளர்களில் 55 சதவீதம் பேர் சம்மதித்தால் போதும். கடன் சொத்து வரியிலிருந்து அடையும். எந்த வகைப் பத்திரம் என்பதில்தான் சூட்சுமம்.

சாதாரணப் பத்திரத்தில் ஆறு மாதத்துக்கொரு முறை வட்டி போய்விடும், அசலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வரிச் சீட்டில் சுமை உடனே தெரியும். ஊரார் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

முதிர்வில் மொத்தமாகக் கட்டும் பத்திரம் வேறு ரகம். ஆண்டுக்கணக்கில் ஒரு காசு கட்ட வேண்டாம். வட்டி மட்டும் அசலோடு சேர்ந்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். சான் டியேகோவை அடுத்த பவ்வே பள்ளி மாவட்டம் 2011இல் இப்படிச் சுமார் 10.5 கோடி டாலர் வாங்கியது. முதல் 20 ஆண்டுகளுக்குத் தவணையே இல்லை. 2051க்குள் கட்ட வேண்டியதோ ஏறக்குறைய 98 கோடி! அன்று ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு அப்போது வயது 46 ஆகியிருக்கும். கையெழுத்துப் போட்டவர்கள் எங்கே இருப்பார்களோ.

2013இல் மாநிலம் கடிவாளம் போட்டது: இந்த வகையில் மொத்தம் திருப்புவது அசலைப்போல் 4 மடங்கு, காலம் 25 ஆண்டு, அதற்கு மேல் கூடாது. அந்த 4 மடங்கே எனக்கு அதிகமாகப் படுகிறது. வீட்டு விலை விறுவிறுவென ஏறும் ஊரில் சிறு தொகைக்கு இதை ஒப்புக்கொள்ளலாம். மற்றபடி என் ஓட்டு முணுமுணுப்புக்கே.