டிஷ்வாஷர் சத்தம்: எப்படிக் கேட்கிறது என்பதா, எப்போது கேட்கிறது என்பதா?

டிஷ்வாஷரில் இதுவரை இல்லாத ஒரு சத்தம் வர ஆரம்பித்தால், காரணத்தைத் தேட மூன்று வழிகள் இருக்கின்றன. சத்தம் எந்த மாதிரி என்று காது கொடுத்துக் கேட்பது ஒன்று. மெஷின் ஓடும்போது எந்தக் கட்டத்தில் அது வருகிறது என்று கவனிப்பது இன்னொன்று. டிஸ்பிளேயில் எரர் கோடு (கோளாறைச் சொல்லும் எழுத்தும் எண்ணும்) வரட்டும் என்று காத்திருப்பது மூன்றாவது. பெரும்பாலும் முதல் வழியோடு நின்றுவிடுகிறோம். சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு "கரகரன்னு ஒரு சத்தம் வருதுங்க" என்கிறோம். அதை வைத்து எதிர்முனையில் இருப்பவரால் ஒன்றும் சொல்ல முடியாது. என் கட்சி இரண்டாவது வழி.

காதை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. சீரான இடைவெளியில் டொக், டொக், டொக் என்று வந்தால், அது அநேகமாக ஸ்ப்ரே ஆர்ம், அதாவது சுற்றிக்கொண்டே தண்ணீர் பீய்ச்சும் கை, எதிலோ இடிக்கிற சத்தம்தான். நம் பாத்திரங்களுக்கு இது சகஜம். கீழ்க் கூடையின் கம்பி இடுக்கில் இறங்கிய ஜல்லிக்கரண்டிக் காம்பு கீழ் ஆர்மைத் தடுக்கும். கீழே வைத்த உயரமான குக்கர், மேல் கூடைக்கு அடியில் சுற்றும் ஆர்மில் இடிக்கும். எடை குறைந்த எவர்சில்வர் டம்ளர்கள் தண்ணீர் பீய்ச்சும்போது ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கும். இதற்கெல்லாம் காது போதும்.

ஆனால் 'உர்ர்' என்ற உறுமலை எடுத்துக்கொள்ளுங்கள். அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் பம்ப்பில் கண்ணாடித் துண்டு சிக்கி, சுற்ற முடியாமல் நின்றால் உறுமும். மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்ட மெஷினில், கழுவும் தண்ணீரைப் பீய்ச்ச வைக்கும் வாஷ் பம்ப் இறுகிப்போனாலும் உறுமும். பழைய வகை மோட்டாரில், அதைச் சுழல வைக்க உதவும் கெப்பாசிட்டர் வலுவிழந்தாலும் அதே உறுமல்தான். 'கரகர'வும் இப்படியே. எலுமிச்சை விதை ஒன்று ட்ரெயின் பம்ப் இறக்கையில் மாட்டினாலும் கரகரக்கும், வாஷ் பம்ப் தண்ணீர் போதாமல் காற்றை இழுத்தாலும் கரகரக்கும். இரண்டு பம்ப்புகளும் அடிப்பாகத்தில்தான் இருக்கின்றன. மேலே ஸ்டீல் தொட்டி முழுவதும் சேர்ந்து அதிர்வதால், எந்த மூலையிலிருந்து சத்தம் வருகிறது என்பது வெளியில் நிற்பவருக்குப் பிடிபடாது.

நேரத்தைக் கவனிப்பது ஏன் மேல் என்றால், டிஷ்வாஷர் தன் வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்கிற மெஷின். பல மாடல்கள் ஸ்டார்ட் அழுத்தியதும் சில விநாடிகள் பழைய தண்ணீரை வெளியேற்றும். அப்போது ஓடுவது ட்ரெயின் பம்ப். பிறகு தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு திறந்து தண்ணீர் பிடிக்கும். அப்புறம் வாஷ் பம்ப் ஓடி ஸ்ப்ரே ஆர்ம்களைச் சுற்றவைக்கும். நடுவில் ஒரு முறை 'க்ளக்' என்று சோப்பு மூடி திறக்கும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மறுபடி வெளியேற்றல், அலசல், வெளியேற்றல், காயவைத்தல். ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு முக்கியமான பாகம்தான் இயங்குகிறது என்பதால், எப்போது என்று தெரிந்தாலே எது என்பதில் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

தண்ணீர் பிடிக்கும் கட்டத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. பிடித்து முடிக்கும் நொடியில் சுவருக்குள் 'டொம்' என்று ஒரு இடி கேட்டால், குற்றம் டிஷ்வாஷருடையது அல்ல. வால்வு சட்டென்று மூடும்போது, ஓடிவந்த தண்ணீர் குழாய்க்குள் முட்டி நிற்கிற அதிர்ச்சி அது. பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும், குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்காத இடங்களிலும் இது அதிகம். கூப்பிட வேண்டியது பிளம்பரை.

இதற்கு நேர் எதிரான தொல்லை மேல்மாடி வீடுகளில் வரும். பல மாடல்களின் கையேடு குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கிறது. தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டம் மெஷினுக்கு 10 மீட்டர் மேலே இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் கிடைக்கும். அப்படியானால் 0.5 பாருக்கு 5 மீட்டர் வேண்டும். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் பெரும்பாலும் அவ்வளவு உயரம் இருக்காது. தண்ணீர் மெதுவாகவும் குறைவாகவும் வரும்; வாஷ் பம்ப் ஓடத் தொடங்கியதும் காற்றையும் சேர்த்து இழுத்துக் கரகரக்கும். பம்ப்பை மாற்றினாலும் இந்தச் சத்தம் போகாது. குழாயை முழுக்கத் திறந்து, இன்லெட் ஹோஸ் முனையிலுள்ள சின்ன வலை ஃபில்டரில் மணலோ உப்புப் படிவோ அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. போர்வெல் தண்ணீர் வீடுகளில் அந்த வலை சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

டிஷ்வாஷர் பவுடர் தீர்ந்துபோய், கையால் தேய்க்கும் லிக்விடை ஊற்றினாலும் இதே கரகரப்பு வரும். பம்ப் தண்ணீருக்குப் பதில் நுரையை இழுக்கும். தண்ணீரை வெளியேற்றிவிட்டு, வெறும் குளிர்ந்த தண்ணீரில் நுரை போகும்வரை ஓட்ட வேண்டியதுதான்.

கழுவும் கட்டத்தில் மட்டும் சத்தம் வந்தால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. பாத்திரம் எதுவும் வைக்காமல் ஒரு தடவை ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் அடுக்கியதில்தான் கோளாறு. காலியாக ஓடும்போதும் வந்தால், ஆர்ம்களைக் கழற்றி, ஓட்டைகளில் படிந்த உப்பை எடுத்து, உட்காரும் இடத்தில் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் கீச்சென்ற உலோகச் சத்தம் தொடர்ந்தால் வாஷ் பம்ப்பின் அச்சைத் தாங்கும் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். தண்ணீரைத் தடுக்கும் சீல் கசிந்து தண்ணீர் உள்ளே போனால் பேரிங் துருப்பிடிக்கும். அது தானாகச் சரியாகாது, நாளாக ஆக மோசமாகும்.

வெளியேற்றும் கட்டத்தில் மட்டும் வந்தால் எனக்கு நிம்மதி, ஏனென்றால் பல மாடல்களில் இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கீழ்க் கூடையை எடுத்து, ஃபில்டரைக் கழற்றி, குழியில் நிற்கும் தண்ணீரைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். ஓரத்தில் ட்ரெயின் பம்ப்பை மூடியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடியை, கையேட்டில் சொன்னபடி கழற்றுங்கள். சில மாடல்களில் ஸ்பூன் காம்பால் நெம்பினாலே வந்துவிடும். கையுறை அவசியம், உள்ளே இருப்பது உடைந்த டம்ளர் துண்டாக இருக்கலாம். தேங்காய் நார், எலும்புச் சில்லு, பாட்டில் லேபிள் காகிதம் எல்லாம் அங்கே சிக்கும். இறக்கையை விரலால் சுற்றினால் தடுக்கித் தடுக்கித்தான் சுற்றும். மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் அப்படி. பழுது என்று நினைத்துப் புதுப் பம்ப் வாங்க வேண்டாம். மூடியைத் திரும்பப் போடும்போது சரியாக உட்கார்ந்ததா என்று அழுத்திப் பாருங்கள். சரியாக உட்காராத மூடியே அடுத்த தொல்லைக்குக் காரணமாகிவிடும்.

எரர் கோடு மூன்றாவது வழி. வந்தால் துல்லியமானது. பாஷ், சீமென்ஸ் மெஷின்களில் இ24 வந்தால் தண்ணீர் வெளியேறவில்லை, ஹோஸ் மடங்கியோ அடைத்தோ இருக்கலாம் என்று பொருள். இ25 வந்தால் பம்ப் அடைத்திருக்கிறது அல்லது மேலே சொன்ன மூடி சரியாக உட்காரவில்லை. ஆனால் கோடு வருவது வேலை நின்ற பிறகு. ஆர்ம் இடிப்பதையும், பேரிங் தேயத் தொடங்குவதையும், கால்கள் மட்டமில்லாமல் மெஷின் ஆடுவதையும் எந்த சென்சாரும் டிஸ்பிளேயில் காட்டாது. கோடு வரவில்லை, அதனால் கோளாறு இல்லை என்று இருந்துவிட்டால், சீல் மாற்றுவதோடு முடிந்திருக்கக்கூடிய வேலை முழுப் பம்ப்பில் போய் நிற்கலாம்.

யாரைக் கூப்பிடுவது என்பதும் இதிலிருந்தே வரும். வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ்தான், யோசிக்க வேண்டாம். வாரண்டி முடிந்திருந்தால், ட்ரெயின் பம்ப்புக்கும் இன்லெட் வால்வுக்கும் அனுபவமுள்ள வெளி மெக்கானிக் போதும். வாஷ் பம்ப் மட்டும் வேறு கதை. இப்போதைய பல மாடல்களில் பம்ப்பும் ஹீட்டரும் ஒரே யூனிட். ஸ்பேர் விலை அதிகம், மாடலுக்குப் பொருந்துவதும் முக்கியம். அதைக் கம்பெனியிடம் கொடுப்பதே நல்லது, ஆனால் எழுத்தில் விலை வாங்கிய பிறகுதான் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டில் யாராக இருந்தாலும், அவர் வந்து நிற்கும்போது மெஷின் சத்தமே போடாமல் இருக்கலாம். அதனால் ஸ்டார்ட் அழுத்துவதிலிருந்து சத்தம் வரும்வரை செல்போனில் வெட்டாமல் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிமிடம், தண்ணீர் பிடிக்கும்போதா, கழுவும்போதா, வெளியேற்றும்போதா, காலியாக ஓட்டியபோதும் வந்ததா என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். எந்த ஸ்பேரைக் கையோடு எடுத்துவர வேண்டும் என்பது அப்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.