கண்மாய்த் தண்ணீருக்குப் பழைய கவுனியா, கோ 57-ஆ?

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கவுனி அரிசி இல்லாமல் கல்யாணப் பந்தி நிறையாது. ராத்திரி ஊறப்போட்டால் விடிகாலையில் அந்தத் தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி நிற்கும். நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த நெல் என்பது ஊர்ப்பேச்சு. இன்று அதை விளைவிக்க இரண்டு வழி உண்டு: பழைய கருப்புக் கவுனியையே நடலாம், அல்லது அதன் வழியில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட கோ 57-ஐ நடலாம்.

பழைய கவுனி நெஞ்சளவு வளரும். உரம் அதிகம் கேட்காது, மாட்டுக்கு வைக்கோல் தாராளம். ஆனால் ஏறக்குறைய ஐந்து மாதம் வயலில் நிற்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய கண்மாயில் தை வரை தண்ணீர் கிடக்கும் என்று யார் உறுதி சொல்வது? பால்பிடிக்கும் சமயம் மடை வறண்டால் பாதி பதர்தான். மழை பெய்தாலும் சிக்கல். எங்கள் அரை ஏக்கரில் ஒரு வருஷம், அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது மார்கழி மழை பிடித்துக்கொண்டது. பயிர் மொத்தமும் பாய் விரித்த மாதிரி சாய்ந்துவிட்டது. நான்காம் நாள் தூக்கிப் பார்த்தால், அடியில் அமுங்கிய கதிர்களில் வெள்ளையாய் முளை விட்டிருந்தது. அன்று வயிறு எரிந்ததை மறக்க முடியவில்லை.

கோ 57-க்கு 130 முதல் 135 நாள் போதும். எக்டேருக்குச் சராசரி 4,600 கிலோ, பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கருப்பு நிறம் தவிட்டில் அப்படியே இருக்கிறது. "ஒட்டு நெல்லு, விதை எடுத்து வைக்க முடியாதே" என்று பலரும் தயங்குகிறார்கள். அது தப்பு. இது வருஷாவருஷம் புது விதை வாங்க வேண்டிய வீரிய ஒட்டு இல்லை. வேறு ரகக் கலப்பை நீக்கி எடுத்து வைத்தால் மறுவருஷமும் விதைக்கலாம். கண்மாய் வயலுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அதற்காகப் பழையதைக் கைவிடலாமா? கூடாது. கோதுமைக் கதையைப் பாருங்கள். நாம் சம்பா கோதுமை என்று ரவை வாங்குகிறோமே, அந்த எம்மர் இனம் உலகின் ஆதிப் பயிர்களில் ஒன்று. சுமார் நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் மெக்ஃபேடன் என்பவர் ரஷ்ய எம்மரை ரொட்டிக் கோதுமையோடு கலந்தார். எம்மருக்குக் குரோமோசோம் 28, ரொட்டிக் கோதுமைக்கு 42. எண்ணிக்கை ஒத்துப்போகாததால், கலந்தால் மணி பிடிப்பதே அபூர்வம். விடாமல் முயன்று 'ஹோப்' என்ற ரகத்தை எடுத்தார். எம்மரிலிருந்து அதற்குள் வந்த எஸ்ஆர்2 மரபணு தண்டுத் துருநோயைத் தாங்கக்கூடியது. இன்றைய கோதுமை ரகங்களிலும் அது இருக்கிறது. எம்மரை யாரோ தொடர்ந்து விதைத்து வந்ததால்தான் அவர் கைக்கு அது கிடைத்தது.

கோ 57-இல் விளைச்சலையும் வயதையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். கவுனியில் எடுக்காமல் விட்ட குணங்கள் இன்னும் அந்தப் பழைய விதைக்குள்தான் இருக்கின்றன.

அதனால் இந்த வருஷம் நாற்பது சென்ட்டில் கோ 57, மடைப் பக்கம் பத்து சென்ட்டில் பழைய கவுனி. அதிலும் மழைக்குச் சாயாமல் நிற்கிற குத்துகளுக்குச் சிவப்புத் துணி கட்டி, அவற்றின் கதிரை மட்டும் விதைக்குக் கொய்வதாக இருக்கிறேன்.