குறுக்குக் கம்பமா, நேர்க்கம்பமா?

திருப்பூருக்கோ கரூருக்கோ வெளிநாட்டுத் தூதரகக் குழு வரும்போது, வரவேற்பறையில் இரு நாட்டுக் கொடிகளையும் எப்படி வைப்பது என்ற கேள்வி பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் எழுகிறது. சுவரோரம் குறுக்காகச் சாய்த்து வைத்தால் குறைந்த இடமே போதும். படத்திலும் எடுப்பாகத் தெரியும். ஆனால் 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பின்படி, மூவர்ணக்கொடி தனக்கு வலப்பக்கத்தில், அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கத்தில், இருப்பதோடு அதன் கம்பம் மற்றதன் கம்பத்துக்கு முன்னாலும் வர வேண்டும். இந்தப் பிற்பாதிதான் எளிதில் தவறிப்போகிறது.

அடுத்தடுத்து நேராக நிறுத்தினாலும் நம் கொடியின் பக்கம் அதேதான். கம்பத்தின் முன்பின் குழப்பம் மட்டும் இல்லை. மூன்றாவது நாடு சேர்ந்தால் ஆங்கிலப் பெயரின் அகரவரிசைப்படி வரிசையை நீட்டலாம். குறுக்குக் கம்பத்தில் அதற்கு வழியில்லை. அமைதிக் காலத்தில் ஒரு நாட்டுக் கொடியை மற்றொன்றுக்கு மேலாகப் பறக்கவிடுவதைப் பன்னாட்டு வழக்கம் ஏற்பதில்லை என்பது இரண்டுக்கும் பொது. பின்னலாடை ஊரில் துணிக்கா பஞ்சம் என்று விருந்தினர் கொடியை உள்ளூரிலேயே தைக்கச் சொல்லி, சுவிட்சர்லாந்தின் சதுரக் கொடியையும் நம்முடைய 3:2 விகிதத்தில் வெட்டிவிட்டால் சங்கடம்தான். என் தேர்வு நேர்க்கம்பமே. மேசைமேல் வைக்கும் 150 × 100 மி.மீ. சிறுகொடிகளுக்கு மட்டும் குறுக்குத் தாங்கி போதும்.