எட்டு வருஷம், 998 சிசி: என் மினி 1000 அனுபவம்

1978 மினி 1000 என்ற குட்டி பிரிட்டிஷ் காடி (கார்) ஒன்றை எட்டு வருஷமாக வைத்திருக்கிறேன். வாரநாளில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஜிம்கானாவுக்கோ (கூம்புகளைச் சுற்றி நேரத்தோடு ஓட்டும் போட்டி) சிப்பாங் பந்தயத் தடத்துக்கோ போகும். தடத்தில் இந்தக் காடி என்னை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. கைவிட்டதெல்லாம் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ சாலை நெரிசலில்தான்.

குற்றம் அமைப்பில் இருக்கிறது. என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருப்பதால் ரேடியேட்டர் இடப்பக்கச் சக்கரத்தைப் பார்த்தபடி ஓரத்தில் நிற்கிறது. விசிறியைச் சுற்றுவது என்ஜின் பெல்ட். தடத்தில் என்ஜின் வேகமாகச் சுற்றும்போது விசிறியும் வேகமெடுக்கும். சிக்னலில் நின்றால் அதுவும் சோம்பிவிடும். மதியம் 3 மணிக்குச் செந்தூல் பக்கம் மாட்டினால் வெப்பமானி ஊசி ஏறிக்கொண்டே போகும். அப்போது ஹீட்டரைத் திறந்துவிட்டால் என்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே வரும். சன்னலை இறக்கிவிட்டு வியர்த்து வழியும் என்னை, பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் நிற்பவர் பரிதாபமாகப் பார்ப்பார்.

மழை அடுத்த வம்பு. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், முன்பக்க கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. ஒரு சாயங்கால மழைக்கே நனைந்து, நடுரோட்டில் நின்றுவிட்டது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை அதன்மேல் மாட்டி, விரல் நுனிகளை வெட்டி அதன் வழியாக வயர்களை இழுத்துவிட்டேன். பழைய வைத்தியம், ஆனால் கேட்கிறது. வீட்டில் கையுறை காணாமல் போனது பற்றி இன்னும் விசாரணை நடக்கிறது.

சிப்பாங் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. நேர்ப்பாதையில் எல்லாரும் என்னைக் கடந்து போவார்கள். சுமார் 40 குதிரைத் திறனை வைத்து என்ன செய்ய? வளைவில்தான் கணக்குத் தீரும். 3 மீட்டரை ஒட்டிய நீளம், நான்கு மூலையிலும் சக்கரம், ஸ்பிரிங்குக்குப் பதில் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்பு. வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரை விட்டால் மூக்கு உள்ளே திரும்பும். 1964 மோன்டே கார்லோ ராலியில் பேடி ஹாப்கர்க் மினியின் வேக ரகமான 1071 சிசி கூப்பர் எஸ்ஸை வைத்து 4.7 லிட்டர் ஃபோர்டு ஃபால்கனை முந்தி ஜெயித்தது எப்படி என்பது, ஓட்டிப் பார்த்தால்தான் உறைக்கிறது. பின்லாந்து ராலி ஓட்டுநர்கள் மாகினனும் ஆல்டோனனும் செய்ததுபோல் இடது காலால் பிரேக் பிடிக்கப் பழக எனக்கு இரண்டு வருஷம் ஆனது. முதல் நாளே க்ளட்ச் என்று நினைத்து மிதித்து, நெற்றியில் புடைத்துக்கொண்டேன்.

புதிதாக வாங்குபவர்கள் என்ஜினில் காசு கொட்டாதீர்கள். என் காடியின் முன்சக்கரங்களில் டிரம் பிரேக்தான் இருந்தது. சில சுற்றிலேயே சூடேறிப் பிடிப்பு போனது. கூப்பர் எஸ்ஸின் 7.5 அங்குல டிஸ்க்கை மாற்றியதுதான் நான் செய்த ஒரே நல்ல செலவு. 10 அங்குல சக்கரத்துக்குள்ளேயே அடங்கும்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கியர்பாக்ஸ் என்ஜினுக்கு அடியில், அதே எண்ணெயில்தான் குளிக்கிறது. பட்டறை அண்ணன் ஒவ்வொரு முறையும் எண்ணெய் வடிக்கும் துளையின் காந்தத் திருகை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்: "தம்பி, இந்தா பாரு, உன் கியரு!" அதில் ஒட்டிய தூளைப் பார்த்தபின், ஒவ்வொரு ஜிம்கானாவுக்கும் பிறகு 20W-50 எண்ணெய் மாற்றிவிடுகிறேன்.

மிச்சம் துரு. போன வாரம் பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை (சப்ஃப்ரேம்) ஸ்குரூ டிரைவரால் தட்டினேன். ஸ்குரூ டிரைவர் உள்ளேயே போய்விட்டது. அடுத்த இரண்டு ஞாயிறும் காடி ஜாக்கின்மேல்தான்.