திறந்த ஷெட்டா, இசி ஷெட்டா? சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் ஆகும் செலவு

பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் கம்பெனி ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது. ஷெட்டும் கரண்ட் பில்லும் பண்ணைக்காரர் தலையில். வளர்ப்புக்கூலியைக் கரைப்பது இந்தச் செலவுதான். திறந்த ஷெட் என்றால் பக்கவாட்டில் திறந்து இயற்கைக் காற்றை நம்புவது. இசி (environmentally controlled) ஷெட் என்றால் முழுக்க மூடி, ஃபேன் வைத்து உள்ளே வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது.

முதலில் சூடு. முதல் வாரம் குஞ்சுக்கு 32, 33 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வரை குறைக்கலாம். குண்டு பல்பு என்றால் குஞ்சுக்கு 2 வாட் என்பது பழைய கணக்கு. 5,000 குஞ்சுக்கு 10 கிலோவாட். இரவு 12 மணி நேரம் எரிந்தால் 120 யூனிட். ஒரு கிலோ காஸ் ஏறக்குறைய 12.8 யூனிட் கரண்டுக்கு ஈடான சூடு தரும். காஸின் கிலோ விலையை 12.8-ஆல் வகுத்து, உங்கள் யூனிட் கட்டணத்தோடு வைத்துப் பார்த்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும். கரி அடுப்புக்குச் செலவு குறைவுதான், ஆனால் படுதா மூடிய ஷெட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும். என் ஓட்டு அதற்கு இல்லை. எதை வைத்தாலும் குஞ்சைப் பாருங்கள்: சூடு வரும் இடத்தில் குவிந்து கிடந்தால் சூடு போதவில்லை, அலகைத் திறந்தபடி ஓரம் ஒதுங்கினால் சூடு அதிகம்.

குளிர்ச்சியில்தான் கணக்கு சிக்கலாகிறது. இசி ஷெட்டில் 50 அங்குல ஃபேன் ஒவ்வொன்றுக்கும் 1.5 குதிரைத்திறன் மோட்டார். எட்டு ஃபேன் நாள் முழுக்க ஓடினால் 200 யூனிட்டைத் தாண்டும். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் நல்ல பேடு (காற்று நுழையும் பக்கத்தில் தண்ணீரில் நனைந்திருக்கும் திரை) உள்ளே வரும் காற்றை 28 டிகிரிக்கு இறக்கிவிடும். அதே பேடு, 32 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள மழைக்கால நாளில் 2 டிகிரி குறைப்பதே பெரிய விஷயம். அப்போது காப்பாற்றுவது காற்றோட்டம் மட்டுமே. கரண்ட் போய் ஃபேன் நின்றால், நிறைந்த ஷெட்டில் அரை மணி நேரத்துக்குள் கோழி சாகத் தொடங்கும். எனவே தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டரையும் டீசலையும் முதல் நாளே முதலீட்டில் சேருங்கள்.

திறந்த ஷெட்டுக்குக் கூரையில் வெள்ளையடிப்பு, ஸ்பிரிங்க்ளர், உள்ளே ஃபாகர் (பனி போலத் தண்ணீர் தெளிக்கும் கருவி) போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பாதி வேலையைச் செய்துவிடும். ஏப்ரல், மே மாதங்கள்தான் சோதனை. காற்றில்லாத நேரத்தில் ஃபாகரை ஓட்டினால் தரையில் போட்ட நார்த்தூள் நனைந்து அமோனியா கிளம்பும்.

அப்புறம் ஏன் இசி? திறந்த ஷெட்டில் கோழிக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாமல் விடுகிறோம், இசியில் 0.65 அளவில் அடங்கும். அந்த நெருக்கத்துக்குக் கம்பெனி குஞ்சு தராவிட்டால் பேடும் ஃபேனும் வெட்டிச் செலவு. 5,000 கோழிப் பண்ணைக்கு நான் திறந்த ஷெட்டையே சொல்வேன். பெரிதாகப் போகிறவர்கள், சதுர அடிக்கு எத்தனை குஞ்சைக் கம்பெனி இறக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு கொட்டேஷன் கேளுங்கள்.