கிளெப் தேர்வு, 60 கிரெடிட், பாஸ் கேரண்டி: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நியூஜெர்சி பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பட்டமளிப்புத் தொப்பி போட்ட பெண் படம், கீழே மஞ்சள் எழுத்தில் "6 மாதத்தில் 60 கிரெடிட், பாஸ் கேரண்டி, எல்லாக் கல்லூரியிலும் செல்லும்". அந்த விளம்பரத்தைப் போட்ட ஆளிடம் 2,400 டாலர் கொடுத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அதனால் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், விளம்பரம் கண்ணில் பட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அவர் கிரெடிட் (பட்டத்துக்காகச் சேர்க்க வேண்டிய பாட அலகு) வாங்கித் தருவதாகச் சொல்வது கிளெப் (CLEP) தேர்வு வழியாக. கிளெப் தேர்வு போலி இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எஸ்ஏடி, ஏபி தேர்வுகளை நடத்துகிற அதே காலேஜ் போர்டு அமைப்புதான் 1967-இலிருந்து இதையும் நடத்துகிறது. வகுப்பில் உட்காராமல், தெரிந்த பாடத்தில் பெரும்பாலும் 90 நிமிடத்துக்கு ஒரு கணினித் தேர்வு எழுதுகிறோம். 34 பாடங்கள் இருக்கின்றன. மதிப்பெண் 20-இலிருந்து 80 வரை. 50 வந்தால் கிரெடிட் கொடுக்கலாம் என்பது அமெரிக்கக் கல்விக் கவுன்சிலின் பரிந்துரை. பரிந்துரை மட்டும்தான். கொடுப்பதா, எந்தப் பாடத்துக்குக் கொடுப்பது, 50 போதுமா இன்னும் கூட வேண்டுமா என்பதெல்லாம் ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்கிறது. இந்த ஆளின் பிழைப்பே இந்த ஒரு விஷயம் நமக்குத் தெரியாமல் இருப்பதில்தான் ஓடுகிறது.

என் கதை இதுதான். ஊரில் பி.காம் இரண்டாம் வருடத்தோடு கல்யாணம், கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இங்கே வந்தேன், குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் கவுண்டி கல்லூரியில் (இரண்டு வருடப் பட்டம் தரும் உள்ளூர்க் கல்லூரி) அக்கவுண்டிங் சேர்ந்தேன். ஒவ்வொரு செமஸ்டரும் கட்டணத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்தக் 'கல்வி ஆலோசகர்' அறிமுகமானார். ஓக் ட்ரீ ரோடில் ஒரு டாக்ஸ் ஆபீஸின் பின்னறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நன்றாகப் பேசினார், அதை மறுக்க முடியாது. "நீங்க எதுக்கு சிஸ்டர் தெரிஞ்ச பாடத்துக்கே மறுபடி காசு கட்டறீங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதானே. ட்ரென்டனில் இருக்கும் தாமஸ் எடிசன் ஸ்டேட் யுனிவர்சிட்டியின் பக்கத்தைத் திறந்து காட்டினார். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பெரியவர்களுக்காக 1972-இல் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம் அது. தேர்வு எழுதி வாங்கும் கிரெடிட்டை நிறையவே ஏற்கும், டெசெப் என்று சொந்தத் தேர்வுகளும் வைத்திருக்கிறது. அவர் காட்டியதில் பொய் எதுவும் கிடையாது. "இங்கே எடுக்கறாங்கன்னா எல்லா இடத்துலயும் எடுப்பாங்க சிஸ்டர், ஸ்டேட் ரூல் ஒண்ணுதான்" என்று அடுத்து சொன்னாரே, அதுதான் பொய்.

பணம் ஸெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் வசதி) மட்டும், கார்டு கிடையாது. ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. அடுத்ததாக என் காலேஜ் போர்டு கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும், ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் தன் ஆபீஸிலேயே செய்துவிடுவார்கள் என்றார். இதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

எழுத வேண்டிய தேர்வுகளையும் அவரே தேர்ந்தெடுத்தார்: மேலாண்மை, மார்க்கெட்டிங், ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், சமூக அறிவியலும் வரலாறும், கல்லூரி அல்ஜீப்ரா. என் கல்லூரியின் பாடப் பட்டியலை அவர் கேட்கவே இல்லை. எல்லோருக்கும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் கொடுத்திருக்கிறார் என்பது குழுவில் மற்றவர்களோடு பேசியபோது தெரிந்தது. அவரிடம் வீடியோ இருந்த பாடங்கள் அவை, அவ்வளவுதான் காரணம்.

அந்த வீடியோக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எங்க சொந்த கோர்ஸ், ப்ரொஃபசர்களை வெச்சு எடுத்தது" என்றார். திரையின் மூலையில் அவருடைய லோகோ ஒட்டியிருக்கும். மார்க்கெட்டிங் பாடத்தில் ஓரிடத்தில் அந்த லோகோ ஒரு விநாடி விலகியது, அடியில் வேறொரு பெயர் தெரிந்தது. நிறுத்திப் பார்த்தால் மாடர்ன் ஸ்டேட்ஸ். தேடிப் பார்த்தேன். அது லாப நோக்கில்லாத ஒரு அமைப்பு, கிளெப் பாடங்களை யாருக்கும் இலவசமாகத் தருகிறது. பாடத்தை முடித்துக் கேட்டால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் தருகிறது. சரி, நாமே ஒரு கணக்குத் தொடங்கலாம் என்று என் மின்னஞ்சலைப் போட்டால், இந்த முகவரியில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது என்று வந்தது! பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனேன். நான் திறந்தே பார்க்காத பாடங்கள் 'முடிந்தது' என்று நின்றன, வவுச்சரும் வாங்கப்பட்டிருந்தது. ஒரு தேர்வின் கட்டணம் நூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அவர் பேக்கேஜில் தேர்வுக்கு 175 என்று போட்டிருந்தார். அதாவது இலவசமாக வந்த வவுச்சரை, அதுவும் என் பெயரிலேயே வாங்கியதை, எனக்கே 175-க்கு விற்றிருக்கிறார்.

தேர்வு மையத்தில் எந்தக் குறையும் இல்லை. பையையும் போனையும் லாக்கரில் வைத்துவிட்டு உட்கார வேண்டும், முடித்ததும் மதிப்பெண் அப்போதே திரையில் வந்துவிடும் (கட்டுரை எழுதுகிற ஒன்றிரண்டு தேர்வுகளுக்கு மட்டும் அப்படி வராது). மேலாண்மையில் 61, மார்க்கெட்டிங்கில் 57, அக்கவுண்டிங்கில் 54, சமூக அறிவியலில் 52. ஊரில் படித்த பி.காம் கைகொடுத்தது. அல்ஜீப்ரா மட்டும் 46, போச்சு.

கிரெடிட் ஏறுகிறதா என்று கல்லூரியின் டிகிரி ஆடிட் பக்கத்தை (பட்டத்துக்கு எந்தப் பாடம் முடிந்தது, எது பாக்கி என்று காட்டுவது) பார்த்துக்கொண்டே இருந்தேன், எதுவும் வரவில்லை. ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் கேட்டால் மதிப்பெண்ணே வரவில்லை என்றார்கள். பதிவு செய்யும்போது ஒரு கல்லூரிக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம், அந்த இடத்தில் அவர் ஆபீஸில் ஏதோ ஒரு கல்லூரியைக் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார்கள். நான் விண்ணப்பம்கூடப் போடாத கல்லூரி. மறுபடி தனியாகக் காசு கட்டி டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பினேன்.

ஆடிட்டில் கடைசியில் என்ன வந்தது தெரியுமா? ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்குக்கு மூன்று கிரெடிட் ஏறியிருந்தது, ஆனால் என் பட்டத்துக்கு உதவாத 'பொது விருப்பப் பாடம்' என்ற தலைப்பின் கீழே. அக்கவுண்டிங் 1 என்ற கட்டாயப் பாடத்துக்கு நேரே சிவப்புக் குறி அப்படியே இருந்தது. அக்கவுண்டிங் படிப்பவர்கள் அந்தப் பாடத்தை வகுப்பில்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி. மேலாண்மையும் மார்க்கெட்டிங்கும் ஏற்கப்பட்டன, ஆனால் என் படிப்பில் பிசினஸ் விருப்பப் பாடத்துக்கு இருப்பது ஒரே ஒரு இடம், அதனால் ஒன்று வீண். சமூக அறிவியல் தேர்வு எங்கள் கல்லூரியின் பட்டியலிலேயே இல்லை, பூஜ்யம். ஆக, 2,400 டாலருக்கு என் பட்டத்துக்கு உண்மையில் உதவியது மூன்று கிரெடிட்.

கல்லூரியின் அட்வைசர் அம்மா இன்னொன்றும் சொன்னார். இங்கே ஏறிய கிரெடிட் நாளைக்கு நான்கு வருடக் கல்லூரிக்கு மாறும்போது தானாகக் கூடவே வராது, அவர்கள் மதிப்பெண்ணை வாங்கித் தங்கள் விதிப்படி முதலிலிருந்து பார்ப்பார்களாம். கிளெப்புக்கு கிரேடும் கிடையாது, ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) ஏறாது. பட்டத்துக்கான கிரெடிட்டில் குறைந்தது கால் பங்கை எங்கள் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. கவுண்டி கல்லூரியின் இரண்டு வருடப் பட்டமே மொத்தம் 60 கிரெடிட்தான், அப்புறம் 60-ஐயும் தேர்வு எழுதியே வாங்கிவிடலாம் என்பது எந்தக் கணக்கு?

அவரைக் கூப்பிட்டேன். முதலில் "உங்க காலேஜ் சரியில்ல சிஸ்டர், மாத்திக்கோங்க". அப்புறம் அல்ஜீப்ராவை அடுத்த வாரமே மறுபடி எழுதலாம், வேறு சென்டரில் போட்டுத் தருகிறேன் என்றார். ஒரே தேர்வை மூன்று மாதம் கழியாமல் மறுபடி எழுதக் கூடாது, எழுதினால் மதிப்பெண் ரத்து, கட்டணமும் போய்விடும். காலேஜ் போர்டு பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது இது. அதைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தி அடுத்ததற்கு வந்தார். வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில் எழுதும் வசதி இருக்கிறதாம், நான் ஐடி காட்டிவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தால் போதுமாம், "மத்ததை நம்ம பையன் ரிமோட்ல பாத்துக்குவான்". அதற்குத் தனியாக 400. போனை வைத்துவிட்டேன். பிடிபட்டால் மதிப்பெண் ரத்தாவதோடு நிற்காது, கல்லூரியிலிருந்தே அனுப்பிவிடலாம், விசாவில் இருக்கிற நமக்கு அதன் பிறகு என்னவெல்லாம் வரும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பணம் கொடுத்த எங்களை எல்லாம் அவர் ஒரு தனிக் குழுவில் வைத்திருந்தார். அங்கே பார்த்த ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது. எஃப்-1 மாணவர் விசாவில் இளங்கலை படிக்கும் ஒரு தம்பியிடம், "ஒரு க்ளாஸை ட்ராப் பண்ணிட்டு அதுக்கு பதிலா கிளெப் எழுதுப்பா, கிரெடிட் ஒண்ணுதானே" என்று அறிவுரை சொல்லியிருந்தார். எஃப்-1 இளங்கலை மாணவர் ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 கிரெடிட்டுக்கு வகுப்பில் பதிவு செய்திருக்க வேண்டும், தேர்வு எழுதி வாங்கும் கிரெடிட் அந்தக் கணக்கில் சேராது. அந்தத் தம்பி டிராப் செய்து 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் விசா நிலையே போயிருக்கும். நான் தனியாக மெசேஜ் போட்டு, கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்கச் சொன்னேன், நல்ல வேளை கேட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

'பாஸ் கேரண்டி' பற்றிக் கேட்டபோது ஒரு பிடிஎஃப் அனுப்பினார். மூன்றாம் பக்கத்தின் அடியில், எழுதிய எல்லாத் தேர்விலும் தோற்றால் மட்டுமே பணம் திரும்பக் கிடைக்கும் என்று இருந்தது. வங்கியில் கேட்டதற்கு, நீங்களே அனுப்பிய ஸெல் பணத்தை எங்களால் திரும்ப வாங்கித் தர முடியாது என்றார்கள். நியூஜெர்சி நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். வேறு யாராவது மாட்டியிருந்தால் நீங்களும் கொடுங்கள், பலர் கொடுத்தால்தான் கவனிப்பார்கள்.

தேர்வு எழுதத்தான் ஆசை என்றால் தாராளமாக எழுதுங்கள், இடையில் ஆள் தேவையில்லை. உங்கள் கல்லூரியின் கிளெப் பட்டியலைப் பாருங்கள், அதோடு உங்கள் டிகிரி ஆடிட்டை வைத்துக்கொண்டு, 'இந்தத் தேர்வு என் படிப்பில் எந்தப் பாடத்தின் இடத்தில் உட்காரும்' என்று அட்வைசருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். நான்கு வருடக் கல்லூரிக்கு மாறும் எண்ணம் இருந்தால் அங்கேயும் கேளுங்கள். பாடமும் வவுச்சரும் மாடர்ன் ஸ்டேட்ஸில் இலவசம், மையத்துக்கான சின்னக் கட்டணம் தனி. பதிவை நீங்களே செய்து, மதிப்பெண் போக வேண்டிய கல்லூரியை நீங்களே தேர்ந்தெடுங்கள். மதிப்பெண்ணை 20 வருடம் வைத்திருப்பார்கள், அவசரப்படுத்துகிற ஆளை நம்ப வேண்டிய தேவையே இல்லை.

போன வாரம் வேறொரு குழுவில் அதே தொப்பிப் பெண் படம் வந்தது. நிறுவனத்தின் பெயர் புதிது, போன் நம்பரும் புதிது, 60 என்பது இப்போது 90 ஆகியிருக்கிறது.